நிச்சயப் புடவைக்கு நீராவி

விருத்தாசலத்துக்கு நீராவி இரண்டு முறை வந்தது. முதல் முறை ரயிலோடு வந்து ஊரை ஜங்ஷனாக்கியது. இரண்டாம் முறை மங்கலம்பேட்டை உமர் பாரூக்கின் அட்டைப்பெட்டிக்குள் துபாயிலிருந்து வந்து, ஜங்ஷன் ரோட்டுக் கொளஞ்சிநாதனை மாமனிதராக்கியது. முதலாவதைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டாவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வரலாற்றாசிரியர்களின் பொறாமை அன்றி வேறில்லை.

கொளஞ்சிநாதன் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு சிறு கம்பெனிக்கு முதலாளி. அதைவிட முக்கியமாக, சிறு பீங்கான் உற்பத்தியாளர் நலச் சங்கத்தின் செயலாளர். சங்கம் எப்போதாவதுதான் கூடும் என்பதால், மீதி நாட்களில் கூட்டத்தை வீட்டிலேயே நடத்தினார். சட்னிக்குத் தேங்காயா வேர்க்கடலையா என்பதைக்கூடப் 'பரிசீலனைக்கு' எடுத்துக்கொண்டு 'ஒருமனதாக' முடிவு செய்வார். முடிவெடுக்கும் மனம் ஒன்றே ஒன்றுதான் என்பதால் ஒருமனதுக்கு இதுவரை பங்கம் வந்ததில்லை.

உமர் பாரூக் பெட்டியைப் பிரித்து, துணிக்கு ஆவி அடிக்கும் கருவியை எடுத்துக் குழாயை மாட்டிக் காட்டினார்.

"அங்கல்லாம் இஸ்திரிப் பொட்டிய மியூசியத்துல வச்சிட்டாங்கண்ணே. துணியத் தொங்க வுடுறீங்க, புஸ்ஸுன்னு அடிக்கிறீங்க, சுருக்கம் ஓடிப்போயிடுது."

"எங்க ஓடும்?" என்று கேட்டாள் கொளஞ்சிநாதனின் மனைவி சிவசங்கரி.

"அத யாரும் இதுவரைக்கும் கேக்கலியேக்கா."

கொளஞ்சிநாதன் மனைவியைக் கையமர்த்தினார். விஞ்ஞானம் பேசும் இடத்தில் குறுக்குக் கேள்வி கூடாது. சூளையின் சூட்டையே ஆளுகிறவருக்கு ஒரு குடம் ஆவி எம்மாத்திரம்?

அன்று மாலையே தொடக்க விழா. முதல் பயனாளி, சங்கக் கூட்டத்துக்கு அவர் கட்டும் கஞ்சி போட்ட வேட்டி. ஆவி பட்டதும் சுருக்கம் போயிற்று. கூடவே கஞ்சியும் போயிற்று. தனியாக நிறுத்தினால் நிற்கக்கூடிய அந்த வேட்டி, காய்ச்சல் வந்து எழுந்தவன் மாதிரி கொடியில் துவண்டது.

"இன்னாங்க இது, கரித்துணியாட்டம் தொங்குது?"

"இது இயற்கையான தோற்றம். வெளிநாட்டுல இதத்தான் விரும்புறாங்க."

அடுத்து, சட்டையை உடம்பில் போட்டபடியே சுருக்கம் எடுக்கும் 'நேரடி முறை'யைப் பரிசோதித்தார். தொப்புளுக்கு மேலே ஒரு கொப்புளம் எழும்பியது. அதைத் தொழில்நுட்ப அனுபவம் என்று வகைப்படுத்தி, களிம்பு தடவிக்கொண்டார். பிறகு ஜன்னல் திரை, தலையணை உறை, துண்டு என்று திட்டம் விரிவடைந்தது. அடுப்படித் துணிக்கும் ஆவி காட்டினார். சுருக்கமே இல்லாத கரித்துணி கடலூர் மாவட்டத்திலேயே அந்த வீட்டில் மட்டும்தான் இருந்தது.

வேலைப் பங்கீடும் முறையாக நடந்தது. குழாயைப் பிடிப்பவர் கொளஞ்சிநாதன். தண்ணீர் ஊற்றுவது, துணியின் அடியை இழுத்துப் பிடிப்பது, வயரைச் சுருட்டுவது, தரையில் சிந்தியதைத் துடைப்பது ஆகிய 'துணைப் பணிகள்' சிவசங்கரிக்கு.

"உன் வேலையப் பாதியாக் கொறச்சிட்டேன் பாத்தியா?"

"ஆமாங்க. முன்னல்லாம் துணிய மட்டும் பாத்துக்கிட்டேன். இப்ப உங்களையும் சேத்துப் பாத்துக்கணும்."

இதை அவர் பாராட்டாகப் பதிவு செய்துகொண்டார்.

இந்தப் பொற்காலத்தில்தான் அவர்களுடைய ஒரே மகன் கோகுலகிருஷ்ணனுக்குப் பெண் அமைந்தது. அமைந்தது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாலும், அதற்குள் அவன் முன்நெற்றி பின்னந்தலை வரைக்கும் போயிருந்தது. ஜாதகம் பொருந்திய இடத்தில் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. பெண்ணுக்குப் பிடித்த இடத்தில் ஜாதகம் பொருந்தவில்லை. கடைசியில் நல்லூர் விவசாயி மாயவனின் மகள் இளமதி, "முடிதானே, போனாப் போவுது" என்று சொல்லிவிட்டாள். இந்த இடமும் தவறினால் மகன் தனிமரம்தான் என்று சிவசங்கரி பழமலைநாதருக்குத் தேங்காய் உடைத்து வைத்திருந்தாள்.

நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார்தான் பட்டுப்புடவை கொண்டுபோக வேண்டும். அதைச் சபையில் தட்டோடு வைப்பார்கள். பெண் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். அப்போதுதான் நிச்சயம் நிச்சயமாகும். அரக்கு நிறத்தில் மாங்காய்க் கரை போட்ட புடவையைச் சிவசங்கரியே கடை கடையாக ஏறி இறங்கி எடுத்து வந்து, பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தாள்.

நிச்சயத்தன்று காலை அவள் பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். கொளஞ்சிநாதன் பெட்டியைத் திறந்து பார்த்தார். திடுக்கிட்டார். புடவை முழுக்கக் கோடு! நெடுக்கிலும் குறுக்கிலும் மடிப்பு! இதையா என் மருமகள் கட்டிக்கொண்டு சபையில் நிற்பாள்?

சிவசங்கரி திரும்பி வந்தபோது புடவை ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கோடு இல்லை. நெய்தபோதுகூட அது அவ்வளவு சமமாக இருந்திருக்காது.

அவள் கையிலிருந்த பூப்பந்து நழுவியது.

"அய்யோ, இன்னா காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏன்? சுத்தமா இருக்குது."

"புதுச் சீலைக்கு மடிப்புதாங்க அடையாளம்! அதப் போயி அழிச்சிட்டீங்களே. கட்டுன சீலைன்னு சொல்லுவாங்க."

"நல்லூர்க்காரங்க ஒண்ணும் வெவரம் இல்லாதவங்க இல்ல. வேன் வந்துடுச்சு, எடுத்து வை. இன்னொண்ணு, மெஷினும் வருது. வேன்ல உக்காந்தா எல்லாரு துணியும் கசங்கிடும்."

அப்படியே ஆயிற்று. நல்லூர் மண்டப வாசலில் பெண் வீட்டார் பன்னீர் தெளித்து வரவேற்க, கொளஞ்சிநாதன் தம் உறவினர்களை வரிசையில் நிறுத்தி முதுகில் ஆவி அடித்து உள்ளே அனுப்பினார். பன்னீரைவிட ஆவிதான் அதிகம் பட்டது.

சபை கூடியது. மாப்பிள்ளை வீட்டுத் தட்டுகள் ஒருபுறம், பெண் வீட்டுத் தட்டுகள் எதிர்ப்புறம். மாயவனின் அக்கா சொர்ணாம்பாள் முன்னால் வந்து உட்கார்ந்தார். அந்தக் குடும்பத்தில் மாயவன் நிலத்தைப் பார்த்துக்கொள்வார். மற்ற எல்லாவற்றையும் சொர்ணாம்பாள் பார்த்துக்கொள்வார். புடவையைத் தொட்டார். தடவினார். முகர்ந்தார்.

"மாயவா, இங்க வா. இதத் தொட்டுப் பாரு."

"பட்டுதான்க்கா."

"பட்டுன்னு எனக்குத் தெரியாதா? மடிப்பு எங்கடா?"

மாயவன் மடிப்பைத் தேடினார். தட்டுக்கு அடியிலும் பார்த்தார்.

"புதுச் சீலைன்னா பிரிச்சா மொடமொடன்னு கோடு கோடா நிக்கும். இது தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்தவளாட்டம் தொவண்டு கெடக்குது. எவளோ கட்டி அவுத்த சீலைடா இது!"

சபையில் சலசலப்பு. ஒரு பெரியவர் கோகுலகிருஷ்ணனைக் கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தார்.

"பையனுக்கு முன்னாடி எங்கனா நிச்சயமாயி நின்னுபோச்சா?"

கேள்வி முன்வரிசையில்தான் பிறந்தது. நடுவரிசைக்குப் போகையில், "கல்யாணமே ஆயிடுச்சாம்" என்று வளர்ந்தது. சமையற்கட்டை எட்டியபோது அதற்கு ரெண்டு குழந்தை.

"கட்டுன சீலையக் கட்டிக்கிட்டு எங்க பொண்ணு சபைக்கு வரமாட்டா. தட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றார் சொர்ணாம்பாள்.

கோகுலகிருஷ்ணன் அப்பாவின் காதருகே குனிந்தான். மிச்சமிருந்த முடியும் வியர்வையில் ஒட்டியிருந்தது.

"அப்பா, மெஷின் போட்டது தப்புதான்னு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடுங்கப்பா. முடிஞ்சிடும்."

மன்னிப்பா! சங்க விதிகளில் 'வருத்தம் தெரிவித்தல்' உண்டு. அதையும் பொருளாளர்தான் தெரிவிப்பார். கொளஞ்சிநாதன் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"சபைக்கு வணக்கம். மேற்படி புடவை புதுசு. அது நவீன முறையில் சுருக்கம் நீக்கப்பட்ட புடவை. சந்தேகத்தப் போக்க இப்ப இங்கயே ஒரு செயல் விளக்கம் நடத்தப்படும். புதுத் துணி ஒண்ணு வேணும்."

கேட்டுக்கொண்டே எதிர்த்தட்டைப் பார்த்தார். பெண்ணின் அத்தை என்ற முறையில் மாப்பிள்ளைக்குச் சொர்ணாம்பாள் எடுத்து வைத்த வேட்டி அதில் இருந்தது. கத்தியால் கீறியது போன்ற மடிப்பு. மேலே கடை ஸ்டிக்கர். புதுத்துணி இலக்கணத்துக்கு அதுவே உதாரணம்.

"அத எதுக்கு எடுக்கிறீங்க?" சொர்ணாம்பாளின் குரல் சட்டென்று ஏறியது. "அது மாப்பிள்ளைக்கு வச்சது!"

"புதுசுதானே?"

"புதுசுதான்! ஸ்டிக்கரு ஒட்டியிருக்குது பாருங்க!"

"அதான் வேணும். புதுசு ஆவி பட்டா எப்படி ஆவுதுன்னு சபை பாக்கட்டும்."

இரண்டு பங்காளிகள் வேட்டியின் இரு முனைகளையும் பிடித்தார்கள். கொளஞ்சிநாதன் குழாயை உயர்த்தினார். புஸ்ஸ்... ஒரு மடிப்பு மறைந்தது. புஸ்ஸ்... அடுத்ததும் மறைந்தது. கத்தி மடிப்பு வேட்டி கண்ணெதிரே புடவையைப் போலவே துவண்டது. "அட, ஆமாம்ப்பா!" என்றது முன்வரிசை. யாரோ கைதட்டினார்கள். கோகுலகிருஷ்ணனுக்கு உயிர் வந்தது. அப்பா அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வெற்றி பெற்ற செயலாளர்கள் நிறுத்துவதில்லை. உள்மடிப்புக்கும் ஒரு புஸ்ஸ் கொடுத்தார்.

முதலில் வாசனைதான் வந்தது. பெருங்காயம். பின்னாலேயே கொத்தமல்லி. அதன் பின்னால், வெளுத்து மங்கிப் படுத்திருந்த ஒரு கறை ஈரம் பட்டு மஞ்சளாக எழுந்து உட்கார்ந்தது. எந்த ஊர்ப் பந்தியிலோ, எந்த இலையிலிருந்தோ மடியை நோக்கி ஓடிவந்த சாம்பார் அது. ஓடிய தடம்கூடத் தெரிந்தது.

சொர்ணாம்பாள் விட்டத்தை ஆராயத் தொடங்கினார். மாயவன் அக்காவைப் பார்த்தார். இரண்டு பங்காளிகளும் வேட்டியை விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் நின்றார்கள்.

கொளஞ்சிநாதனின் முகம் ஜொலித்தது. சங்க வரலாற்றிலேயே இப்படி ஒரு நிரூபணம் நடந்ததில்லை.

"ஆக, இதன் மூலம் சபைக்குத் தெரியவருவது யாதெனில்..."

"இந்தப் பாழாப்போன மெஷினு கெட்டுப்போச்சுங்க!" சிவசங்கரி பாய்ந்து வந்து குழாயைப் பிடுங்கினாள். "காலையிலேர்ந்து கலங்கலாத் துப்பிக்கிட்டே இருக்குது. பாருங்க, புது வேட்டியில கறைய அடிச்சிடுச்சு! எங்க புதுச் சீலையையும் இதான் பாழாக்கிச்சு!"

சொர்ணாம்பாளின் பார்வை விட்டத்திலிருந்து இறங்கியது.

"அதானே பாத்தேன்! எல்லாம் மெஷினு பண்ண வேல! புதுச் சீலைய எனக்குத் தெரியாதா? தொட்டப்பவே நெனச்சேன், இது புதுசாச்சேன்னு."

"ஆனா, சாம்பாரு வாசன வருதே?" என்றார் கண்ணாடிப் பெரியவர்.

"உள்ள பந்திக்குச் சாம்பாரு தாளிக்கிறாங்க" என்றாள் சிவசங்கரி.

சமையற்காரர் கதவருகிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு வத்தக்கொழம்புங்க."

"நீ போயி வேலையப் பாரு!" என்றார்கள் சிவசங்கரியும் சொர்ணாம்பாளும் ஒரே குரலில். சம்பந்தம் கலந்தது அந்தக் கணத்தில்தான்.

எல்லார் கண்ணும் கொளஞ்சிநாதன் மேல் விழுந்தது. செயலாளர் சொன்னால்தானே தீர்மானம்? அவர் கருவியைப் பார்த்தார். அது அவரையே பார்த்து மெல்ல ஆவி விட்டது. மகனைப் பார்த்தார். மகனின் நெற்றியைப் பார்த்தார்.

"மேற்படி கருவி பழுதானது," என்றார். "அது காட்டியது எதுவும் செல்லாது என்று இச்சபை ஒருமனதாக..."

பலத்த கைதட்டல். இந்த முறை நிஜமாகவே ஒருமனது.

இளமதி உள்ளே போய்ப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "மெத்துன்னு இருக்குது அத்தை. புதுப்பட்டுன்னா இடுப்புல குத்தும், இது குத்தவேயில்ல" என்றாள். சொர்ணாம்பாள் அவள் வாயைப் பொத்தி உட்கார வைத்தார். மோதிரம் மாற்றியாயிற்று. வத்தக்குழம்போடு பந்தியும் முடிந்தது.

வேன் ஏறும்போது சொர்ணாம்பாள் வழியனுப்ப வந்து, கொளஞ்சிநாதனின் பக்கம் குரலைத் தணித்தார்.

"சம்மந்தி, கல்யாணத்துக்கும் மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எங்க பொறுப்புதான். நீங்க அந்த மெஷின மட்டும் எடுத்தாராதீங்க."

வேன் நல்லூரைத் தாண்டியது. காலடியில் கருவி, வயர் சுருட்டப்பட்டு, தலைகுனிந்து கிடந்தது. கொளஞ்சிநாதன் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"நெஞ்சத் தொட்டுச் சொல்லு சங்கரி. மெஷினு கெட்டாப் போச்சு?"

"கெட்டுதாங்க போச்சு," என்றாள் சிவசங்கரி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "அத்தினி பேரு கூடியிருக்கற எடத்துல உள்ள இருக்கறத வெளிய காட்டுது. நல்ல மெஷினா இருந்தா நம்பளாட்டம் மூடிக்கிட்டு இருந்திருக்கும்."