பிரெஞ்சுக்காரருக்கு ஓர் அரோகரா

சைவக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஒருத்திக்கு, முதல் சில வருடங்கள் எல்லாப் புனிதர்களும் ஒரே ஆள் மாதிரித்தான் தெரிவார்கள். நீள அங்கி இருக்கும், முகத்தில் மெழுகுதிரி வெளிச்சம் விழும். யாரென்று கேட்டால் அந்தோனியார் என்று சொல்லிவிடுவேன். பாதி நேரம் சரியாக இருக்கும். (மீதி நேரம் என் கணவர் ஜெரோம் இருமுவார்.) இந்த அரைகுறை அறிவோடுதான் நான் என் மாமியாரைப் படம் பார்க்கக் கூட்டிப்போனேன்.

மாமி மன்னாரிலிருந்து சிட்னிக்கு வந்தது எங்கள் மகள் பிறந்தபோது. மாடுகளை யாரிடமும் நம்பிக் கொடுக்க முடியாது என்று மாமா ஊரிலேயே நின்றுவிட்டார். மாமி வந்த கொஞ்ச நாளில் உலகமெல்லாம் தொற்றுநோய் வந்து விமானங்கள் எல்லாம் நின்றுபோயின. அந்த நேரத்தில்தான், மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த மாமா எழும்பவில்லை. அடக்கத்தை மாமி நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து மடிக்கணினியில் பார்த்தார். பெட்டியைக் குழிக்குள் இறக்கும் நேரம் பார்த்து இணைப்பு அறுந்தது. மறுபடி படம் வந்தபோது ஆட்கள் கைகழுவிக்கொண்டு நின்றார்கள்.

மாமி அழவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. கறுப்பு உடுத்தார், பேத்தியைக் குளிப்பாட்டினார், குசினியில் மீன் வெட்டினார். ஒரு தெருவுக்கே கேட்கக் கதைக்கிற மனுசி, கேட்ட கேள்விக்கு 'ஓம்', 'இல்லை' என்பதோடு நிறுத்திக்கொண்டார். சாப்பாடும் குறைந்துவிட்டது.

"அவ ஒருக்கா அழவேணும்" என்றார் தாதியாக வேலை செய்யும் ஜெரோமின் அக்கா. "உள்ளுக்கயே வச்சிருந்தா அது ஆளை விழுத்திப்போடும்."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எப்படியாவது மாமியை வீட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று மனதுக்குள் ஒரே நச்சரிப்பு. ஆனால் துக்க வருடத்தில் கொண்டாட்டமும் இல்லை, சினிமாவும் இல்லை. அப்போதுதான் பரமட்டாவில் ஒரு திரையரங்கு வாசலில் அந்தச் சுவரொட்டியைக் கண்டேன். பழங்காலத்து உடையில் ஒருவர் முழங்காலில் நிற்கிறார். கையில் மெழுகுதிரி. முகத்தில் அப்படியொரு ஏக்கம். பிரெஞ்சுப் படம். பிரான்சில் புனிதர்களுக்குப் பஞ்சமில்லை என்பது எனக்கே தெரியும்.

"மாமி, ஒரு புனிதரின்ர படம் வந்திருக்கு."

"எந்தப் புனிதர்?"

"பிரான்ஸ் நாட்டவர்" என்றேன் துணிச்சலாக.

மாமி யோசித்தார். "புனிதர் எண்டால் வாறன். அது செபம் மாதிரித்தானே."

முற்பகல் காட்சி. நோய்ப் பயத்தில் ஆட்களை ஒன்றுவிட்டொரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். அங்கங்கே சில வெள்ளைக்கார முதியவர்கள். திரையில் கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளைப் படித்து நான் மாமியின் காதில் தமிழில் சொல்ல வேண்டும். முகக்கவசத்துக்குள்ளால் ஒரு பிரெஞ்சு வாழ்க்கையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

புனிதர் மணிக்கூடு திருத்தும் கடைக்காரரின் மகன். பத்தே நிமிடத்தில் ஒரு கிழட்டுப் பிரபுவின் மனைவியைக் கிளப்பிக்கொண்டு போனார். நான் மொழிபெயர்ப்பதை நிறுத்தினேன்.

"என்னவாம்?" என்றார் மாமி.

"அவ சொந்தக்காரியாம், மாமி."

சுவரொட்டிக் காட்சியும் வந்தது. அவர் முழங்காலில் நின்றது ஒரு சீமாட்டியின் அறைக்கதவுச் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்க்க. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. மாமியோ கையில் செபமாலையோடு அமைதியாக இருந்தார்.

"பயப்பிடாதை பிள்ளை. கனபேர் முதல்ல பாவியளாத்தான் இருந்தவை. இனித் திருந்துவார்."

அவர் திருந்தவில்லை. வாள்சண்டை போட்டார். சிறைக்குப் போய் வந்தார். அரசனுக்கு உளவு பார்த்தார். கடலுக்கு அப்பால் நடந்த கலகத்துக்குக் கப்பலில் துவக்கு அனுப்பினார். நடுவில் நேரம் கிடைத்தபோதெல்லாம் நாடகம் எழுதி அரசனையும் பிரபுக்களையும் பாதிரிமாரையும் கிண்டலடித்தார். ஒவ்வொரு அட்டகாசத்துக்கும் மாமி "இனித் திருந்துவார்" என்றார். மூன்றாவது கலியாணம் நடந்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதோட திருந்துவார்" என்றார். எழும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் மாமி இவ்வளவு கதைத்து எவ்வளவோ காலம். அதனால் இருந்துவிட்டேன்.

கடைசியில் அவர் செத்துப்போனார். தனியாக, பழைய ஓர் அறையில். விடியற்காலை மழையில் இரண்டு வேலைக்காரர்கள் பெட்டியைத் தூக்கிப்போய் ஒரு வெறும் வளவில் வைத்தார்கள்.

"சுவாமியார் எங்க?" மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வரமாட்டாராம் மாமி."

"ஏன்?"

"நாடகம் எழுதினவராம். அதால செபமில்லையாம்."

"நாடகம் எண்டால் செபமில்லையோ? என்ர மனுசனும்தான் கோயில் கூத்தில ராசாவா நிண்டவர்!"

திரையில் பெட்டி குழிக்குள் இறங்கத் தொடங்கியது. மாமி எழுந்து நின்றார். நான் சேலையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டு, சிலுவை போட்டு, மன்னாரில் அடுத்த வீதிக்குக் கேட்கிற அந்தப் பழைய குரலில் தொடங்கினார்.

"நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே!"

அரங்கம் முழுவதும் திரும்பியது. செபத்தின் மறுபாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். வீட்டில் சொல்லும்போது நான் பின்னால் நின்று வாயை மட்டும் அசைப்பேன். மாமி காத்திருந்தார். பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரே கெஞ்சல். அங்கே மறுமொழி சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. ஏதாவது சொல், ஏதாவது சொல் என்று மனம் அடித்துக்கொண்டது. சின்ன வயதிலிருந்து தேர்முட்டியில் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"அரோகரா!"

தேர் இழுக்கிற சத்தத்தில்தான் சொன்னேன். முகக்கவசம் ஒரு எழுத்தைக்கூடத் தடுக்கவில்லை.

மாமி என்னைப் பார்த்தபடியே நின்றார். தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிக்கிறார்! மாமா போனபிறகு முதல் தடவையாகச் சிரிக்கிறார். நானும் வெட்கம் கெட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எங்கே மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. மாமி கதிரையில் விழுந்து, "என்ர ராசா, ஒரு பிடி மண் போடக்கூட நான் வரேல்லையே" என்று கதறினார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என்னாலும் அழுகையை அடக்க முடியவில்லை.

விளக்குகள் எரிந்தன. திரையரங்குப் பெண் ஒருத்தி ஓடிவந்து, என்ன நடந்தது என்று கேட்டாள்.

"இவரின் கணவர் இறந்துவிட்டார்" என்றேன் ஆங்கிலத்தில்.

அவள் பதறிப்போய்ப் பக்கத்துக் கதிரைகளைப் பார்த்தாள். "எப்போது?"

"இப்போதுதான் அடக்கம் முடிந்தது" என்று திரையைக் காட்டினேன்.

அவளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, மாமியின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தாள். மாமி அழுதபடியே தலையாட்டினார். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். பிறகு தொலைபேசியை எடுத்து, மாமாவைப் பற்றி ஜெரோமின் அக்காவோடு பொழுதுபடும்வரை கதைத்தார். இடையில் 'அரோகரா'வையும் சொல்லிவிட்டார். அதோடு என் மானம் மெல்பேர்ண் வரை போய்விட்டது. அங்கே கிளென் வேவர்லியில் இருக்கும் மச்சான்மார் இப்போதும் தொலைபேசியை எடுத்தால் 'ஹலோ' சொல்வதில்லை, அதைத்தான் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு நவம்பரிலும் இறந்த ஆத்துமாக்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். குடும்பத்தில் செத்தவர்களின் பெயர்களை மாமி சுவாமியாரிடம் சொல்வார். கடைசியாக, "பிறகு அந்தப் பிரெஞ்சு நாடகக்காரர்" என்பார். போன வருடம் புதிதாக வந்த சுவாமியார், "அவர் உங்களுக்கு என்ன முறை அம்மா?" என்று கேட்டார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தோம்.

"முறை தெரியாது பாதர். அவரை அடக்கின அண்டைக்குத்தான் நான் என்ர மனுசனையும் அடக்கினனான்."

பூசையில் சுவாமியார் மாமாவின் பெயருக்கு அடுத்ததாகப் பிரெஞ்சுக்காரரை வாசித்தார். கோயில் அமைதியாக இருந்தது. ஜெரோம் மெதுவாக என் விலாவில் இடித்தார்.

"இப்ப சொல்லிப்போடாதையும்."