உங்களுக்கு மட்டும்

ஒரு விடுகதை போடுகிறேன், விடுவியுங்கள் பார்க்கலாம். ஆயிரம் பேர் வந்தார்கள். எண்ணிக்கையில் ஒருவர்கூடக் குறையவில்லை. ஆனால் ஒருவருக்குக்கூட ஜோடி அமையவில்லை. அது என்ன?

தெரியவில்லையா? வெட்கப்பட வேண்டாம். கையுறைப் பட்டறை மேஸ்திரிக்கே திங்கட்கிழமை காலை வரை தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த ஆயிரத்தையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தவர் அவர்தான்.

மேஸ்திரி குடியிருந்த தெருவில் இருபது வீடுகள். இருபதிலும் பெண்கள் பட்டறைக்குக் கையுறை தைத்தார்கள். வெட்டிய துணி பட்டறையிலிருந்து வரும். தைத்து, ஒவ்வொரு விரலிலும் குச்சி விட்டுத் திருப்பி, பத்துப் பத்தாக நாடாவால் கட்டிக் கொடுக்க வேண்டும். நூலும் ஊசியும் மின்சாரமும் அவரவர் செலவு. விலைவாசி ஓடிக்கொண்டிருந்தது, கூலி மட்டும் ஏழு வருடமாக உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. கால் பங்கு கூட்ட வேண்டும், இருபது பேருக்கும் ஒன்றாகக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் தையல் இல்லை என்று பெண்கள் சங்கமாகச் சேர்ந்துவிட்டார்கள்.

"ஒரே வாரத்துல கலைச்சுடறேன், முதலாளி!" என்று மேஸ்திரி மார் தட்டினார்.

"யாராவது மசிஞ்சா கொஞ்சம் கூட்டிக் குடு. ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான்," என்றார் முதலாளி.

அன்று மாலையே திட்டம் தயார். அதை அவர் யாரிடம் சொன்னார் தெரியுமா? தன் மனைவியிடம். மனைவியும் தைப்பவர்தான். ஆனால் சொந்த வீட்டை யாராவது சந்தேகப்படுவார்களா?

"வீடு வீடாப் போவேன். 'உங்களுக்கு மட்டும் கூட்டித் தரோம், வெளியில மூச்சு விடாதீங்க'ன்னு காதுல போடுவேன். சங்கம் சிதறிடும். எப்படி?"

"அடேங்கப்பா! இந்த மூளையை வச்சுக்கிட்டு நீங்க மேஸ்திரியா இருக்கறதே தப்புங்க."

"அதானே!"

"ஆனா வாயால சொன்னா நம்புவாங்களா? போன வருஷம் மெஷினுக்கு எண்ணெய் தரேன்னீங்க..."

"அதை ஏன் இப்ப இழுக்கறே?"

"எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்புறம் யாரு மறுப்பாங்க?"

"அட, ஆமாம்!"

"எனக்கும் ஒண்ணு எழுதுங்க."

"உனக்கு எதுக்கு?"

"தெருவுக்கெல்லாம் காதுல போடுவீங்க. எனக்கு மட்டும் காது இல்லையா?"

மேஸ்திரி சிரித்துக்கொண்டே முதல் சீட்டை மனைவிக்கு எழுதினார்: 'சனிக்கிழமைக்குள் ஐம்பது கையுறை முழுதாகக் கொடுத்தால் கூலி கால் பங்கு கூட்டித் தரப்படும்.'

பக்கத்தில் பள்ளிக்கூடத் தாளோடு உட்கார்ந்திருந்தாள் மூன்றாம் வகுப்பு மகள். "அப்பா, அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுலேர்ந்து ஒருத்தர் வகுப்புக்கு வந்து அவங்க வேலையைப் பத்திப் பேசணுமாம். யார் பேரை எழுதட்டும்?"

"இது என்ன கேள்வி? என் நீலச் சட்டையை இஸ்திரிக்குப் போடு!"

"யோசிச்சு எழுதறேன்ப்பா."

யோசனை என்பது அந்தத் தெருவில் தொற்றுநோய் போலிருக்கிறது. மேஸ்திரி போன வீட்டிலெல்லாம் அதே பதில்தான். சீட்டை வாங்கிப் படித்து, மடித்து, "யோசிச்சு சொல்றேண்ணே," என்றார்கள். யாரும் உடனே மசியாததால் அடுத்த வீடு. அப்புறம் அதற்கடுத்த வீடு. கடைசியில் சீட்டும் தீர்ந்தது, தெருவும் தீர்ந்தது.

சனிக்கிழமை வந்தது. என்ன ஆச்சரியம்! இருபது வீட்டுப் போராட்டமும் ஓய்ந்து, இருபது வீட்டுச் சரக்கும் வந்து குவிந்தது. மேஸ்திரி ஒவ்வொரு கட்டாகத் தட்டித் தட்டி எண்ணினார். ஆயிரம் கையுறை. தையலில் ஒரு பிசிறு இல்லை. முழுதாகப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டார்.

இருபது பேருக்கும் கூட்டித் தரவேண்டுமே என்று ஒரு கணம் உறுத்தியது. 'ஒருத்தி சீட்டு இன்னொருத்திக்குத் தெரியாதே, தனித்தனியா ஏதாவது சாக்குச் சொல்லிக்கலாம்,' என்று அந்த உறுத்தலைத் தட்டிவிட்டார்.

"பாத்தியா? உங்க சங்கம் காலி!"

"ஆமாங்க. ஒரு வீடுகூட பாக்கி இல்ல," என்றார் மனைவி.

திங்கட்கிழமை காலை, ஜோடி சேர்க்கும் மேசையில் ஒரு கட்டை அவிழ்த்தார்கள். பத்தும் இடது கை. அடுத்த கட்டு. இடது. அதற்கடுத்தது. அதுவும் இடது.

"என்ன மேஸ்திரி," என்றார் ஜோடி சேர்ப்பவர், "உங்க தெருவுல எல்லாருக்கும் ரெண்டும் இடது கையா?"

இரண்டு வாரத் துணியை முன்கூட்டியே கொடுத்துவைப்பது மேஸ்திரி கண்டுபிடித்த ஏற்பாடு. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. பெண்கள் இரண்டு வாரத் துணியிலும் இடது கையை மட்டும் எடுத்துத் தைத்திருந்தார்கள். சரக்கை ஏற்றிப்போக லாரியோ புதன்கிழமை வருகிறது.

முதலாளி கத்த ஆரம்பிப்பதற்குள் வாசலில் இருபது பேர் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் மேஸ்திரியின் மனைவி. இருபது சீட்டுகளையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினார்.

"ஐம்பது கையுறை முழுசான்னு எழுதியிருக்கு. குடுத்துட்டோம். எண்ணி வாங்கின கையெழுத்தும் இருக்கு. இடதா வலதான்னு சீட்டுல போடலைங்க."

"வலது எங்கே?"

"துணி பத்திரமா இருக்கு. ஒரு துண்டு வீணாகல. லாரிக்கு முன்னால தைச்சுத் தந்துடுவோம். இந்த இருபது சீட்டையும் ஒரே தாளாக்கிக் கையெழுத்துப் போடுங்க. நூல் செலவு இனிமே பட்டறையோடது. பேச்சு சங்கத்தோட மட்டும்."

முதலாளி மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். "இது உன் கையெழுத்தா?"

"ஆமாங்க."

"எல்லாத்துலயுமா?"

"ரொம்பத் தெளிவான கையெழுத்துங்க," என்றார் மனைவி.

மேஸ்திரிக்கு வயிறு எரிந்திருக்க வேண்டும். எரியத்தான் பார்த்தது. ஆனால் பட்டறைப் படியே ஏறியிராத மனைவி, முதலாளியின் முகத்தைப் பார்த்து, குரல் நடுங்காமல் பேசுகிறார். பின்னால் நிற்கும் பத்தொன்பது பேரில் ஒருவர்கூட 'எனக்கு' என்று சொல்லவில்லை. 'எங்களுக்கு' என்றே சொல்கிறார்கள். மேஸ்திரியின் நெஞ்சு அவர் அனுமதியைக் கேட்காமலே நிமிர்ந்துகொண்டது.

முதலாளி பேனாவைத் திறந்தார்.

"அந்தம்மா யாருங்க?" என்று மூட்டை தூக்குபவர் கிசுகிசுத்தார்.

"என் சம்சாரம்!" என்றார் மேஸ்திரி. பட்டறை முழுக்கக் கேட்டது. முதலாளிக்கும் கேட்டது.

புதன்கிழமை லாரி சரியான நேரத்துக்குப் புறப்பட்டது. வியாழக்கிழமை மாலை மேஸ்திரி தன் நீலச் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டார். பள்ளிக்கூடத் தாள் மேசைமேல் இருந்தது. பெயர் எழுத அதில் ஒரு கோடுதான் அச்சடித்திருந்தார்கள். மகள் அளவுகோல் வைத்து, அதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டிருந்தாள்.

பேச வருபவர்: அம்மா.

தையல் மெஷினைத் தூக்கி வருபவர்: அப்பா.