மோசமான ரோடு உள்ள நல்ல ஊர்

லிஃப்டுக்காரர் அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே ஒரு மாபெரும் முடிவை எடுத்தார். நகரத்தை விட்டே போய்விடுவது, ஏதாவது ஒரு மலை ஊரில் குடியேறிவிடுவது. வாயில் நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்த பிறகு மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. அறிவிப்பைத் தள்ளிப்போட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் கம்பெனியில் பரிசோதகர். மேலே போவார், கீழே வருவார், படிவத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார். வாழ்க்கையில் எவ்வளவோ உயரத்துக்குப் போன மனுஷன், ஓரடி முன்னால் போனதில்லை. போன வருஷம் முழங்கால் தகராறு செய்ய, கம்பெனி அவரைத் தொலைபேசிக்கு மாற்றியது. எங்காவது யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் அழைப்பு இவருக்கு வரும். "பதறாதீங்க. கதவை நெம்பாதீங்க. அப்படியே உட்காருங்க. ஆள் வந்துகிட்டே இருக்காங்க." காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை இதைச் சொல்லத்தான் சம்பளம். சிக்னல் கிடைக்கிற எந்த ஊரிலிருந்தும் சொல்லலாம்.

அப்படிப்பட்டவர் தலையில்தான் மச்சினன் ஒரு பழைய ஜீப்பைக் கட்டினான். மச்சினன் மெக்கானிக். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே பேசுவான்.

"நாலு சக்கரமும் இழுக்கும் மாமா. இதுக்கு ரோடே வேண்டாம். சேறு, பாறை, ஓடை எல்லாம் இதுக்கு ஒண்ணுதான்."

ரோடே வேண்டாம் என்ற வார்த்தையில் மாமா விழுந்தார். ஆனால் வாங்கிய நாளிலிருந்து ஜீப் தார் ரோட்டில் சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு நின்றதுதான் மிச்சம். ஒரு மழை நாளில் அடுக்குமாடி வாசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கியது. அதில் நாலு தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். ஐந்தாவது தடவை வாட்ச்மேன் குடையோடு வந்து, "எதையாவது தொலைச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

தொலைத்தது என்னவோ உண்மைதான். அந்த வாரமே மச்சினன் மூன்று மலை ஊர்களை ஒரு சீட்டில் எழுதித் தந்தான். மூன்றிலும் ரோடு படுமோசம் என்று தலையில் அடித்துச் சத்தியமும் செய்தான்.

இனி மனைவிதான் பாக்கி. அவள் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். ஆயிரம் குழந்தைகளையாவது கையில் வாங்கியிருப்பாள். பதவி உயர்வு கொடுத்து மேஜையில் உட்காரவைத்ததிலிருந்து அவள் கைக்கு வருவதெல்லாம் காகிதம். அதைப் பற்றி ஒரு நாள் சாப்பிடும்போது நீளமாக ஏதோ சொன்னாள். அவர் அப்போது போனில் ஜீப் டயர் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரடியாகக் கேட்டால் நடக்காது என்பது இருபது வருஷ அனுபவம். அவள் வாயாலேயே "போகலாம்" என்று சொல்லவைக்க வேண்டும். சாமர்த்தியமாகத் தொடங்கினார்.

"உனக்கு மலைக்காத்து ரொம்ப நல்லதும்மா."

"எனக்கா? எனக்கென்ன கேடு?"

"இருமுறியே."

"எப்போ இருமினேன்?"

"இனிமே இருமலாம். யார் கண்டா?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு ஒரு தடவை இருமிக் காட்டினாள். அவருக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்தது, ஜீப்பின் ருசியை அவளுக்குக் காட்டுவது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல் குவாரிக்குக் கூட்டிப்போய் ஸ்டியரிங்கை அவளிடமே கொடுத்தார். சமதரையில் அவள் போட்ட கூச்சலுக்குக் காக்கை எல்லாம் பறந்தது.

"ஐயோ, கண்ணை மூடிக்கவா?"

"ஓட்டுறவ மூடக்கூடாதும்மா!"

ஏற்றம் வந்தபோது, நாலு சக்கரத்தையும் இழுக்கவைக்கும் சின்ன நெம்புகோலைக் காட்டி, "இதைப் பின்னால இழு. மெதுவா, ஆனா நிறுத்தாம போ. பிரேக்கைத் தொடாதே" என்றார். அவள் கூச்சலை நிறுத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறினாள். அவர் தாமே மூன்று தடவை வழுக்கிய ஏற்றம் அது. உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு தரம் போகலாமா?"

மீன் தூண்டிலைக் கவ்விவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அந்த உற்சாகத்தில் பழைய வேலைப் பையில் முத்திரையோடு கிடந்த பரிசோதனைப் படிவம் ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து எழுதினார். 'மேற்படி ஓட்டுநர் செங்குத்தான ஏற்றத்தில் நேரில் பரிசோதிக்கப்பட்டு, முழுத் தகுதி உடையவர் எனச் சான்றளிக்கப்படுகிறது.' கீழே கையெழுத்து, நீல முத்திரை. அவள் சிரித்தபடி அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

ஊர் தேடும் படலம் தொடங்கியது. முப்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் தயாரித்தார். ரோட்டில் குழி இருந்தால் ஐந்து மதிப்பெண், பாறை இருந்தால் பத்து, பாலமே இல்லாமல் ஓடை குறுக்கிட்டால் இருபது. அடியில் மனைவி தன் கையெழுத்தில் இரண்டு சேர்த்திருந்தாள். ஊருக்கு மேலே எத்தனை குக்கிராமங்கள்? வருஷத்துக்கு எத்தனை குழந்தை பிறக்கிறது?

"குழந்தைக் கணக்கு எதுக்கும்மா?"

"குழந்தை பிறந்தா இளவயசுப் பொண்ணுங்க இருக்காங்கன்னு அர்த்தம். எனக்குப் பேச்சுத் துணை வேண்டாமா?"

அட, இப்படியும் யோசிக்கலாமா என்று வியந்து அதற்கும் மதிப்பெண் ஒதுக்கினார்.

முதல் ஊரில் நுழைந்ததுமே நெஞ்சு அடைத்தது. ரோடு கண்ணாடி மாதிரி பளபளத்தது. "போன மாசம்தான் சார் தார் போட்டாங்க!" என்று தபால்காரர் பெருமைப்பட்டார். லிஃப்டுக்காரர் துக்கம் விசாரிக்க வந்தவர் போலத் தலையசைத்தார். மனைவி கைகழுவ இடம் பார்த்துவருகிறேன் என்று போனவள் அரைமணி கழித்து வந்தாள்.

இரண்டாவது ஊரில் ரோடு சொர்க்கம். அதாவது இல்லவே இல்லை. ஆனால் சிக்னல் கல்லறைத் தோட்டத்தில் மட்டும்தான் கிடைத்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு, லிஃப்டில் மாட்டியவர்களிடம் பதறாதீங்க என்று சொல்வது சரியாகப் படவில்லை. மனைவி அங்கேயும் கைகழுவப் போனாள். அரைமணி.

மூன்றாவது ஊரில் டீக்கடை அம்மாளிடம் விசாரித்தார்.

"ரோடு எப்படிம்மா?"

"மழை பெஞ்சா கீழ போயிடும் சார்."

"கீழேன்னா?"

"பள்ளத்துல கிடக்கும். எல்லாரும் போய் எட்டிப் பார்த்துட்டு வருவோம்."

"எப்போ சரிபண்ணுவாங்க?"

"பண்ணினா சொல்லி அனுப்புறேன்."

அவருக்கு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருந்தது. ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு பாதை பாதையாக ஏறிச் சரிவை அளந்தார். சேற்றை விரலால் தொட்டு, பிசைந்து, முகர்ந்துகூடப் பார்த்தார். ஒரு மண் இவ்வளவு தினுசாக வழுக்குமா? ஓடைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்? அந்த வளைவுக்குப் பிறகு பாதை எங்கே போகும்? நாற்பத்தெட்டு வயதில் மனுஷனுக்குக் கேள்விகளாக முளைத்தன. காலை ஆறிலிருந்து எட்டுவரை சேறு, மாலை ஆறுக்குமேல் ஓடை என்று மனத்துக்குள் கால அட்டவணையே போட்டுவிட்டார்.

இந்தத் தடவை மனைவி ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, ஒரு வீடு பார்த்துட்டேன். சமையலறை ஜன்னல்கிட்ட மட்டும் சிக்னல் அழகா வருது. உங்க நாற்காலியை அங்கேயே போட்டுடலாம். பக்கத்துலயே அடுப்பு. ஒரு கண்ணு அதுலயும் வெச்சுக்கலாம்."

"அப்போ இங்கேயே வந்துடலாம்கிறியா?"

"வந்துடலாம். ஆஸ்பத்திரி மேஜையை விட்டுடுறேன்."

அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள்! தனக்காக வேலையையே விடுகிறாளே என்று அவருக்குக் கண் கலங்கியது. இவ்வளவு நல்லவளைத் தந்திரம் செய்து ஏமாற்றிவிட்டோமே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. கொஞ்சம்தான்.

குடிவந்த முதல் திங்கட்கிழமை ஐந்தரைக்கே எழுந்தார். இதற்கென்றே வாங்கிய முழங்கால் உயர பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஜீப் இல்லை. ஈர மண்ணில் நாலு சக்கரத் தடம் மட்டும் மேலே மலையைப் பார்த்துப் போயிருந்தது. உள்ளே வந்தார். மனைவியும் இல்லை. பதறி அவளுக்குப் போன் போட்டார், போகவில்லை. எட்டு மணியானது. பூட்ஸோடு ஜன்னலடியில் உட்கார்ந்தார். முதல் அழைப்பு யாரோ நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே மாட்டியவர். இரண்டாவது அழைப்பு மனைவியிடமிருந்து.

"எங்கம்மா இருக்கே? ஜீப்பை எவனோ திருடிட்டான்!"

"நான்தாங்க எடுத்துட்டு வந்தேன். சுகாதார நிலையத்துல இருக்கேன். சனிக்கிழமைதான் சேர்ந்தேன்."

"எதுல சேர்ந்தே?"

"பிரசவம் பார்க்கிற வேலைல. மேல ஆறு ஊர் இருக்கு, ரெண்டு வருஷமா யாரும் வரலையாம். சொந்த ஜீப் இருக்கணும், ஏத்தத்துல ஓட்டுறதுக்குச் சான்றிதழ் இருக்கணும்னாங்க."

"சான்றிதழா? அதை உனக்கு எந்த மடையன் குடுத்தான்?"

கேட்டு முடிக்கும்போதே அவருக்கு நீல முத்திரை நினைவுக்கு வந்தது.

"கையெழுத்து கம்பீரமா இருக்குன்னு டாக்டர் சொன்னாருங்க."

"நீ... எப்போ விண்ணப்பம் போட்டே?"

"நீங்க ஜீப் வாங்கறதுக்கு முந்தின வாரம். மலையில மூணு ஊர்ல ஆள் எடுக்கறாங்கன்னு தம்பிதான் விசாரிச்சுச் சொன்னான். வண்டிக்கு எங்கடா போறதுன்னேன். மாமாகிட்ட பேசிப் பார்க்கறேன்னான்."

லிஃப்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கோவமாங்க? பதினோரு மாசமா ஒரு குழந்தையைத் தொடலை நான். ராத்திரி ஆள் வந்து கூப்பிட்டாங்க. இன்னிக்கு விடியக்காலைல ஒண்ணைக் கையில வாங்கினேன். பொண்ணு. என்ன கத்து கத்தினா தெரியுமா!"

அவளுடைய குரல் தழுதழுத்தது. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். ஒரு துளி சேறு இல்லை.

"சரி, ஞாயித்துக்கிழமையாவது வண்டி எனக்குத்தானே?"

"பிறக்கிற குழந்தைக்குக் கிழமை தெரியுமாங்க?"

"அப்போ நான் எப்போதான்மா வெளியில போறது?"

"பதறாதீங்க. கதவை நெம்பாதீங்க. அப்படியே உட்காருங்க. ஆள் சாயங்காலம் வந்துடுவாங்க."