காணாமல் போன பரு

பையனின் மூக்கில் பருவைக் காணவில்லை.

கன்டினி டார்ச் அடித்துப் பார்த்தான். இடப்பக்கம் திருப்பினான், வலப்பக்கம் திருப்பினான். மூக்கு, கழுவிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி பளபளத்தது.

"நேத்து இருந்துச்சேடா?"

"என்னதுண்ணே?"

"பரு."

"எனக்கா? எனக்கே தெரியாம வந்துட்டுப் போயிருச்சா?" பையன் மூக்கைத் தடவிப் பார்த்து வருத்தப்பட்டான்.

கன்டினி என்பது பெயர் அல்ல, வேலை. உதவி இயக்குநர்களில் அவன் கன்டினியூட்டி பார்க்கிறவன். நேற்று எடுத்த காட்சியில் சட்டையின் எந்தப் பொத்தான் திறந்திருந்ததோ, இன்றும் அதே பொத்தான்தான் திறந்திருக்கிறதா என்று கவலைப்படச் சம்பளம் வாங்குகிறவன். எட்டு வருடமாக அம்மாவைத் தவிர எல்லோரும் அவனைக் கன்டினி என்றுதான் கூப்பிட்டார்கள். போன வாரம் அம்மாவும் ஒரு தடவை வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டாள்.

படம், கூச்ச சுபாவமுள்ள பதினைந்து வயதுப் பையனைப் பற்றியது. எதிர் வீட்டுப் பெண்ணிடம் அவன் ஒரே ஒரு வாக்கியம் பேசுவதற்குள் படம் முடிந்துவிடும். முதல் நாள் முழுக்க ஒரே ஷாட். பையன் மேஜை முன்னால் அசையாமல் உட்கார்ந்து போனையே பார்க்க வேண்டும். மானிட்டரில் அந்தக் குளோசப்பைப் பார்த்த டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"மூக்கு நுனியைப் பார்த்தியா? பரு! இதுதான்யா என் படம். இந்த ஒரு பருவுல முழுக் கதையும் இருக்கு. மேக்கப்ல யாரும் அதைத் தொடக்கூடாது."

பின்னால் நின்ற கன்டினியும் பார்த்தான். சின்னதாக, பழுப்பாக, யாருக்கும் தொந்தரவு தராத பரு. வாக்கி டாக்கியில், "பையன் மூக்குல கை வைக்காதீங்க" என்றான். வேனில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேக்கப் அக்கா, "நான் எதுக்குப்பா அவன் மூக்குல கை வைக்கப்போறேன்" என்றார். கேமராமேன் லைட் மீட்டரைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் வெளிச்சத்தை மட்டும்தான் பார்ப்பார். முகத்தைப் பார்க்கத் தனியாகச் சம்பளம் பேசவில்லை என்பது அவர் கட்சி.

எடுத்ததைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் வழக்கமும் டைரக்டரிடம் இல்லை. "காதலிச்சுட்டு அப்புறம் விசாரணை வைக்கிற மாதிரிய்யா அது" என்பார். ஆகவே அந்தப் பரு இப்போது உலகத்தில் இரண்டு பேர் ஞாபகத்தில் மட்டுமே இருந்தது.

வெள்ளிக்கிழமை தயாரிப்பாளர் செட்டுக்கு வருகிறார். "அன்னிக்கு உன் கதையை அவர்கிட்ட சொல்ல வைக்கிறேன். அதுவரைக்கும் ஒரு தப்பு வரக்கூடாது" என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். கன்டினியின் கதைக்கு வயதாகிக்கொண்டிருந்தது. முதலில் எழுதியபோது அதன் கதாநாயகன் காதலிக்குக் கடிதம் போட்டான். அப்புறம் எஸ்.எம்.எஸ். அனுப்பினான். இப்போது வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறான். இதற்கு மேல் அவனைக் காக்க வைத்தால் அந்தப் பெண் வேறு யாரையாவது பார்த்துக்கொள்வாள்.

"அக்கா, ஒரு பரு ஒட்டணும்" என்று மேக்கப் வேனில் ஏறினான்.

"நேத்து தொடாதேன்னீங்க, இன்னிக்கு ஒட்டுன்றீங்க. எவ்வளவு பெருசு?"

"மிளகு சைஸ். கொஞ்சம் அடக்கமா."

அக்கா கோந்தையும் மெழுகையும் குழைத்து ஒன்று செய்தார். அவர் பேய்ப் படங்களில் பேர் வாங்கியவர். டைரக்டர் மானிட்டரில் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

"நேத்து இருந்தது ஒரு வெட்கம். இது மேடை போட்டு மைக் கேக்குது."

சிறிதாக்கினார்கள். மதியம் விளக்குச் சூட்டில் அது இளகி, பையன் வெட்கத்தோடு குனிகிற நேரத்தில், எதிர் வீட்டுப் பெண்ணாக நடிக்கிறவளின் காப்பியில் போய் விழுந்தது. அவள் அதைக் குடித்து முடித்த பிறகுதான் எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள்.

"பொய்ப் பரு வேண்டாம். நிஜமா வரவழை" என்றார் டைரக்டர்.

"எப்படி சார்?"

"உனக்கு அந்த வயசுல எப்படி வந்துச்சு?"

அது தானாகத்தான் வந்தது. ஆனால் அப்படிச் சொல்கிறவர்களுக்கு சினிமாவில் எதிர்காலம் இல்லை. கன்டினி தன் கைக்காசில் வறுத்த கோழியும் சிப்ஸும் சாக்லேட்டும் வாங்கிப் பையனை ஊட்டி வளர்த்தான். முகம் கழுவத் தடை போட்டான். பரு வரும்வரை பையனை முதுகுப் பக்கமாகவே படம் பிடித்தார்கள். "அண்ணே, நடிப்புன்னா இவ்வளவு ஈஸியா?" என்று பையன் எலும்பைக் கடித்தபடி கேட்டான்.

வியாழக்கிழமை பரு வந்தது. நெற்றியில் வந்தது, கன்னத்தில் வந்தது, தாடையில் குடும்பத்தோடு வந்தது. மூக்கில் மட்டும் வரவில்லை.

"ஒண்ணு இருந்தா கவிதை. இது பஸ் ஸ்டாண்டு" என்றார் டைரக்டர்.

மற்றவற்றையெல்லாம் பவுடரால் மூடி, மூக்கில் மட்டும் கோந்தால் புதிதாக ஒன்று ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பையனின் மூக்கு, கோந்து ஒத்துக்கொள்ளாமல், தக்காளி மாதிரி வீங்கியிருந்தது. பையனுடைய அம்மா நேராகக் கன்டினியிடம்தான் வந்தாள்.

"பளிங்கு மாதிரி புள்ளையைக் குடுத்தேன். என்ன பண்ணி வச்சிருக்கீங்க தம்பி?"

"கதைக்குத் தேவைப்பட்டுச்சுக்கா."

"உங்க கதைக்கு உங்க மூஞ்சில வரவழைக்க வேண்டியதுதானே?"

பையன் வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். முதல் நாளிலிருந்து செட்டில் எல்லோரையும் கிண்டலடித்துக்கொண்டிருந்தவன், இப்போது முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "அந்தப் பொண்ணு பார்த்துச் சிரிக்கும். நான் வரமாட்டேன்" என்றான். கூச்ச சுபாவம் ஒருவழியாக வந்துவிட்டது. கேமரா முன்னால்தான் வரவில்லை. எடுக்க வேண்டியதோ அவன் அந்த ஒரு வாக்கியத்தைப் பேசுகிற காட்சி. தயாரிப்பாளர் புறப்பட்டுவிட்டார் என்று தகவலும் வந்துவிட்டது.

கன்டினி வேன் படியில் உட்கார்ந்தான். அவனுக்குத் தூக்கம் வந்தது. தூங்கினால் கதை போய்விடும் என்பதால் எழுந்து போய், அக்காவிடம் சிவப்பு மையை வாங்கித் தன் மூக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டான்.

"டேய், இங்க பாரு."

துண்டுக்குள்ளிருந்து ஒரு கண் பார்த்தது. "நீங்க ஒருத்தர் வச்சா ஆச்சா? எல்லாரும் வைக்கணும்."

எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். லைட் போடுகிறவர்கள், டிரைவர்கள், எதிர் வீட்டுப் பெண், பையனின் அம்மாகூட. கேமராமேன் கண்ணாடி பார்க்காமலே வைத்துக்கொண்டதில் அது கன்னத்தில் போய் உட்கார்ந்தது. டைரக்டர், "இதுதான்யா சினிமா" என்று கண் கலங்கித் தனக்கு இரண்டு வைத்துக்கொண்டார். பையன் துண்டை எடுத்துவிட்டுச் சிரித்தபடி இறங்கினான்.

தயாரிப்பாளரின் கார் வாசலில் வந்து நின்றது அப்போதுதான்.

வரவேற்க ஐம்பது மூக்குகள் ஒரே மாதிரி சிவந்து காரை நோக்கி ஓடின. முன்னால் ஓடியவன், கதைக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிய கன்டினி. தயாரிப்பாளர் பாதி இறக்கிய கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவருக்குப் பொதுவாகவே நோய் என்றால் பயம். கார் வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் பின்னாலேயே போனது.

கொஞ்ச நேரத்தில் டைரக்டருக்கு போன் வந்தது. டாக்டர் சர்டிஃபிகேட் தரும்வரை படப்பிடிப்பு ரத்து. யூனிட் ஆட்கள் யாரும் ஆபீஸ் பக்கம் வரக்கூடாது.

"உன் கதையை இன்னொரு நாள் சொல்லலாம்" என்றார் டைரக்டர், கன்டினியின் முகத்தைப் பார்க்காமல். "அவசரம் இல்லையே?"

"இல்ல சார்" என்றான் கன்டினி.

விளக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். டீக்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு கப் நீட்டினார். அவர் மூக்கிலும் பொட்டு இருந்தது.

"ஏன் தம்பி, வைக்கச் சொன்னாங்க, வச்சுக்கிட்டேன். எதுக்குன்னு யாருமே சொல்லலையே?"

"முதல் நாள் மானிட்டர்ல பையன் மூக்குல ஒரு பரு தெரிஞ்சுது பாருங்க, மறுநாள் காணோம். அதுல ஆரம்பிச்சுது எல்லாம்."

டீக்காரர் கேனைக் கீழே வைத்தார்.

"அது நான் ஊத்தும்போது அந்த டிவி மேல தெறிச்ச டீ தம்பி, டைரக்டர் எழுந்து நின்னு ரசிக்கிறாரேன்னுதான் உடனே துடைக்கல, சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் துடைச்சு வச்சேன்."