பார்வையிடுவோர் குறிப்பு

என் வேலை சேவல் எழுதுகிற வேலை இல்லை, மாமா. நேற்று போனில் நீங்கள் அப்படிக் கேட்டுச் சிரித்தீர்கள். நான் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. அதனால் கடிதம்.

மரியாதைக்குரிய பொன்னையா மாமாவுக்கு, மருமகள் ஜீவராணியின் வணக்கம். நான் சுகம். உங்கள் இருமலும் அத்தையின் முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை. வேறு விசேஷம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

என் வேலை இதுதான். பிரதேச சபை உறுப்பினர்கள் யாரிடமாவது எதையாவது சும்மா வாங்கினால், அதை ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை. கட்டடத்தின் பின்னால் ஓர் அறை. ஒரு மேசை. இரண்டு நாற்காலிகள். ஒன்று எனக்கு, மற்றது பொதுமக்களுக்கு.

ஐந்து வாரம் பொதுமக்கள் வரவில்லை. தினமும் காலையில் அந்த நாற்காலியையும் துடைத்து வைத்தேன். மாத அறிக்கையில் பார்வையிட்டோர் தொகை கேட்டிருந்தார்கள். ஒன்று என்று எழுதினேன். அது, கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டு வந்த ஓர் அம்மா. வழி சொன்னேன். போய்விட்டுத் திரும்பி வந்து, "சந்தோசம் பிள்ள" என்றார். அந்த வாரம் ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது அது மட்டும்தான்.

பிறகு பதிவேட்டை நானே வாசித்தேன். சின்னராசா என்கிற உறுப்பினர், என் நேர்முகப் பரீட்சையில் நடுவில் உட்கார்ந்திருந்தாரே, அவர் எழுதியிருந்தது: பொன்னாடை பதினான்கு, எலுமிச்சம்பழம் ஒன்பது, நாட்காட்டி இரண்டு. பழத்துக்கு எதிரே 'ஒன்று அழுகல்' என்றும் குறித்திருந்தார். இவ்வளவு நேர்மையா என்று எனக்குக் கண் கலங்கியது. தனியாக இருந்தால் எதற்கெல்லாம் கலங்குகிறது பாருங்கள்.

ஆறாவது வாரம் ராக்காயி வந்தார். தோட்டத்து மேல்பிரிவு லயத்து வீட்டிலிருந்து, தேயிலைக் கொழுந்து எடுக்கிற உடுப்போடு. பொதுமக்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மொய் நோட்டு இங்கதான இருக்கு?"

"மொய் நோட்டு இல்லீங்க. அன்பளிப்புப் பதிவேடு."

"அதத்தான் கேக்குறேன். ராக்காயின்னு பாரு. சேவல் ஒண்ணு."

"உங்க பேரு இல்லீங்களே."

"நல்லாப் பாரு பிள்ள. செவப்புச் சேவல். கொண்டையே இம்புட்டு இருக்கும். லயத்துக்குத் தண்ணி பைப்பு போட்டுத் தாறேன்னு சின்னராசா வாங்கிட்டுப் போனாரு."

"அவர் எழுதலீங்க."

"எழுதலையா? அப்ப நாளைக்கு எம் மக சடங்குக்கு எதப் பாத்துத் திருப்பிச் செய்வாரு?"

இது அப்படிப்பட்ட நோட்டு இல்லை, இதில் யாரும் எதையும் திருப்பிச் செய்யத் தேவையில்லை என்று விளக்கினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அப்பறம் எதுக்கு எழுதுறீங்க?" என்றார். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்த பாடத்தில் அந்தக் கேள்வி வரவில்லை. ஆனால் பதிவேட்டின் கடைசிப் பத்தி 'பார்வையிடுவோர் குறிப்பு'. அதில் அவர் சொன்னதை எழுதினேன், கொண்டையின் அளவு உட்பட, அதைப் பார்த்துத் திருப்தியாகப் போனவர் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் என்ன சொன்னாரோ, மறுநாள் ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால் வரிசை நிற்கிறது, சின்னராசாவுக்குப் பலாப்பழம் கொடுத்தவர், பிரம்பு நாற்காலி கொடுத்தவர், ஆட்டுக்கால் கொடுத்தவர், ஆட்டின் மற்ற மூன்று கால் எங்கே என்று அவரிடம் சண்டைக்குப் போன அவருடைய தம்பி, நல்லதண்ணி ஊரிலிருந்து தேன் போத்தல் கொண்டுவந்து கொடுத்தவர், எல்லோருக்கும் ஒரே கேள்வி, நம்ம பேரு விழுந்திருக்கா. ஒருவருக்கும் கோபம் இல்லை மாமா. கொடுத்தது ஊருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எனக்கோ எழுதி எழுதிக் கை வலித்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் நாள் சின்னராசாவே வந்தார்.

"தங்கச்சி, இதெல்லாம் சனங்க அன்பாக் குடுக்குறது. அன்பப் போயி எழுதுவாங்களா?"

"அன்பளிப்புன்னுதாங்க தலைப்பே போட்டிருக்கு."

தலைப்பை விரலால் தொட்டு வாசித்தார். "சரி, படிவத்த எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க. எல்லாத்தையும் யோசிச்சு எழுதித் தாறேன்."

போனேன். வீட்டுக்குப் பின்னால் மாட்டுப்பட்டி. அதில் ஒரு பசு. இடது காதில் கம்பி கிழித்த வெட்டு.

மாமா, சித்திரையில் நீங்கள் போன் பண்ணி, நம் பசு பேபி சளி பிடித்துச் செத்துவிட்டது, மலைக்கு மேலே புதைத்துவிட்டோம் என்றீர்கள். நான் பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண், "யாரும்மா?" என்று கேட்டார். "பேபி" என்றேன். பிள்ளையை இழந்தவள் என்று நினைத்து, மஸ்கெலியா வரை என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். நான் திருத்தவில்லை. அந்தக் கை சூடாக இருந்தது.

பேபி என் சட்டைக் கையை நக்கியது. பிறகு படிவத்தை. கையொப்பம் இட வேண்டிய இடம் முழுக்க எச்சில். இந்த ஊரில் என்னை அடையாளம் கண்டுகொண்ட முதல் ஆள்.

"நல்ல மாடு. எங்க வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"பொகவந்தலாவப் பக்கம்." நம் ஊர்தான், மாமா. அவர் பேபியின் முதுகைத் தட்டினார். "அடுத்த மாசம் உங்கள நிரந்தரமாக்குற கடிதம் வருது. மாமா சொல்லலையா?"

நீங்கள் சொல்லவில்லை. நேர்முகப் பரீட்சையில் நான் நன்றாகப் பதில் சொன்னேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். நடுவில் இருந்தவர் தலையாட்டியதை அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். தனிமையில் அது ஒரு பொருள் மாதிரி, எடுத்துப் பார்த்து வைக்கலாம்.

கோபமா என்றால், தெரியவில்லை. பேபி உயிரோடு இருக்கிறது. வேலை என்னுடையது இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் தெரியவந்தன. எதற்கு முதலில் அழுவது என்று தெரியாமல் படிவத்தைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

படிவத்தில் அவர் சேவலை எழுதினார். ஆட்டுக்காலை எழுதினார். பசுவை எழுதவில்லை.

நானும் எழுதப்போவதில்லை. பயப்பட வேண்டாம். எழுதினால் நிரந்தரக் கடிதம் வராது என்று எனக்குத் தெரியும். பால் விற்ற வருமானம் போனாலும் பரவாயில்லை என்று எனக்காகத்தான் செய்தீர்கள் என்பதும் தெரியும். பதிவேட்டை மூடிவிட்டேன். இதை இனிமேல் நாம் பேச வேண்டாம்.

உங்களுக்கும் அத்தைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். அத்தை பனியில் வெளியே போக வேண்டாம். வெறுமையாய்க் கிடக்கும் மாட்டுப்பட்டிக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
மருமகள் ஜீவராணி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் பொதுமக்கள் நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் பதிவேடு நேராகத் தெரிகிறது. கடைசிப் பத்தியில் எழுதினேன்: 'கொடுத்தவர் பொன்னையா, பொகவந்தலாவை. பசு ஒன்று, பெயர் பேபி. மருமகளின் வேலைக்காக.' பார்வையிட்டவர் என்ற இடத்தில் என் பெயர். உங்கள் பேரும் விழுந்துவிட்டது, மாமா. அதற்குக் கீழே இன்னொரு வரி: 'புண்ணாக்கு அரைக் கிலோ, கொடுத்தவர் ஜீவராணி.' மூன்று மணிக்கு அறையைப் பூட்டுவேன். சந்தியில் புண்ணாக்கு வாங்கிக்கொண்டு பேபியைப் பார்க்கப் போவேன்.