தொட்டில் ஸ்பிரிங்கில் நான் எடுத்த ரீடிங்

பயந்தவள் சும்மா பயந்துகொண்டிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. இயற்பியல் படித்துவிட்டுப் பயப்படுகிறவள்தான் ஆபத்தானவள். நான் பி.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு.

மகளைத் தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்க நாள் குறித்திருந்தோம். தொட்டில் கொடுப்பது அத்தை முறை. என் நங்கையா (கணவரின் அக்காவை எங்கள் பக்கம் இப்படித்தான் கூப்பிடுவோம்) தாராபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, கம்பும் ஸ்பிரிங்குமாக வாங்கி வந்து எங்கள் வீட்டுக் கொக்கியில் மாட்டினார். தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி அளவெடுத்துக்கொண்டு, பட்டில் தொட்டில் துணி தைக்கப் போனார்.

எல்லோரும் தொட்டிலைப் பார்த்தார்கள். நான் ஸ்பிரிங்கைப் பார்த்தேன். ஐந்து கிலோ குழந்தையை இது தாங்குமா? தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. (பெட்டியை நம்பவா மூன்று வருடம் படித்தேன்?)

வீட்டின் முன்பக்கம் கணவரின் நிட்டிங் மிஷின்கள். நூல் கோனுக்குப் பஞ்சமில்லை. ஒன்று ஏறத்தாழ இரண்டு கிலோ. கம்பில் பையைக் கட்டி, கோன்களை ஒவ்வொன்றாகப் போட்டு, டெய்லர் டேப்பால் அளந்தேன். ஒரு கோனுக்கு அரை அங்குலம், இரண்டுக்கு ஒன்று, நான்குக்கு இரண்டு. வரைபடத் தாளில் அப்படியொரு நேர்க்கோடு! கல்லூரியில் ஒருநாளும் எனக்கு வந்ததில்லை. (அங்கே கோட்டைப் போட்டுவிட்டுத்தான் புள்ளி வைப்போம்.)

பத்துக் கோனோடு நிறுத்தியிருக்கலாம். விசேஷத்துக்கு வரும் பிள்ளைகள் பிடித்துத் தொங்கினால்? பையில் இடமில்லை. கைவசம் இருந்த பெரிய எடை நான் மட்டுமே. பையை அவிழ்த்தேன், கம்பைப் பிடித்தேன், காலை மடக்கினேன்.

கணவர் உள்ளே வந்தார். "ஏம்புள்ள, என்ன பண்ற?"

"ரீடிங் எடுக்கறனுங்க. இந்த டேப்பைக் கொஞ்சம் புடிங்க."

நல்ல மனிதர், பிடித்தார்.

இறங்கினேன். ஸ்பிரிங் ஏறவில்லை. ஒன்பது அங்குலம் கூடுதலாக, வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. மீள் எல்லை என்று ஒன்று உண்டு; அதைத் தாண்டி இழுத்தால் ஸ்பிரிங் பழைய நீளத்துக்குத் திரும்பாது. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியவள் நான்.

"துணியா இருந்தா நனைச்சாச் சுருங்கும்," என்றார் கணவர். (நனைத்துப் பார்த்தேன். மேலே கேட்காதீர்கள்.)

மூன்று கோன் போட்டுச் சோதித்தேன், தாங்கியது. தொட்டில் சேலையைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டினால் யாருக்குத் தெரியும் என்று தைரியமாக இருந்தேன். தைத்து வரும் துணியை ஏற்றிக் கட்ட முடியாது என்பது, விசேஷத்தன்று நங்கையா பட்டோடு வந்து இறங்கியபோதுதான் உறைத்தது.

குழந்தையைப் படுக்க வைத்தார்கள். தொட்டில் நிதானமாகக் கீழே வந்து தரையில் உட்கார்ந்தது. அவள் விரலைச் சப்பிக்கொண்டே இருந்தாள்.

"அத்த முறைக்கு இத்துப்போனதையா வாங்கியாந்தே?" என்றார் ஒரு பெரியம்மா. நங்கையாவின் கண் கலங்கிவிட்டது. "இருங்க, இப்பவே தாராபுரம் போறேன். அந்தக் கடைக்காரனைக் கேட்டுட்டுத்தான் எனக்குச் சோறு!"

கணவர் என்னைப் பார்த்தார். இதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"நங்கையா, கடைக்காரர் மேல தப்பில்லீங்க. நாந்தானுங்க தொங்குனேன்."

சாட்சிக்கு வரைபடத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். நங்கையா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு, கோட்டை உட்டு ஓடிப்போயி ஒத்தையா ஒரு புள்ளி நிக்குதே, அது என்ன?"

"அது நானுங்க."

முதலில் நங்கையாவின் தோள் குலுங்கியது. பிறகு சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் தொட்டில் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தபடியே குனிந்து, என் மகளின் காதில் மூன்று முறை பெயரைச் சொன்னார்.

போன மாதம் உறவினர் ஒருவரின் அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தோம். எல்லோரும் லிஃப்டில் ஏறினோம். கதவு மூடும் நேரத்தில் நங்கையா கையை நீட்டி என்னை மட்டும் தடுத்தார்.

"நீ படியில வா கண்ணு."