வேலாயுதனின் பாய்

அன்று காலை ஆரியசாலைத் தெருவின் சரக்குக் கிட்டங்கியில் இருந்தவர்கள்: முதலாளி வன்னியபெருமாள், சூப்பர்வைசர் தாசையன், மிளகும் ஏலமும் பொட்டலம் போடும் பெண்கள், அவர்களில் வாய் நீண்டவள் சுசீலாபாய், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காகக் கொச்சியிலிருந்து சோதனைக்கு வந்த ரெம்யா மேடம். வேலாயுதன் இல்லை. அவன் அப்போது இன்னும் பிறந்திருக்கவில்லை.

அந்தக் கம்பெனியின் நிபந்தனை எளிது. அதன் கடைகளில் விற்கும் மிளகைத் தொட்ட கை ஒவ்வொன்றும் மரியாதையாக நடத்தப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது. ஆர்டர் போனால் தாசையனும் போகவேண்டியதுதான் என்று முதலாளி முந்தின நாளே சொல்லியிருந்தார்.

தாசையன் வேலையை உயிராக நினைப்பவன். அவன் தாமதமாக வந்து யாரும் பார்த்ததில்லை. ஞாயிறு மட்டும் வித்துராவுக்குப் போய்ப் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு வருவான். மேடம் வருமுன் அவன் ஒரு தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பெண்களுக்குக் கடைசிப் பாடம் நடத்தினான்.

“வேலை எத்தனை மணி நேரம்?”

“எட்டு.”

“அதுக்கு மேல பார்த்தா?”

“ரெட்டைச் சம்பளம்.”

“சிரிக்காம சொல்லு, சுசீலாபாய்.”

“சிரிக்காம எப்பிடி சாரே இதைச் சொல்ல?”

ஆனால் மேடம் கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. மற்றவர்களும் பாடத்தைப் பிசகாமல் ஒப்பித்தார்கள். முதலாளி இளநீர் வெட்டச் சொன்னார். அப்போதுதான் மேடம் மூட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

மறைக்க வேண்டியதையெல்லாம் நேற்றே மறைத்தாயிற்று. தினம் கண்ணில் படுவதை மட்டும் யாரும் நினைக்கவில்லை. சுருட்டிய பாய், அதன்மேல் ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு தட்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ், கொடியில் கைலி.

“இது ஆருடையது?”

தாசையன் முந்திக்கொண்டான். “பெண்கள் மத்தியானம் கண்ணசருவாங்க மேடம்.”

மேடம் தட்டுக்கு அடியிலிருந்து சவர செட்டை எடுத்துக் காட்டினார். சுசீலாபாய் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“வாட்ச்மேனோடது மேடம்,” என்றான் தாசையன். “ வேலாயுதன்னு பேரு. ராத்திரிக் காவல்.”

வேலாயுதன் பிறந்தது அப்படித்தான்.

மேடம் நேராக வாசலுக்குப் போய் ஷட்டரைத் தடவிப் பார்த்தார். “பூட்டு வெளியில மட்டும்தானே இருக்கு. சாவி ஆர் கையில?”

“முதலாளி கையில. பத்திரமா இருக்கும்.”

“அப்போ ஆளை உள்ளே வச்சுப் பூட்டிட்டுப் போவாங்க, அல்லே?”

முதலாளி மடியிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“பின்வாசல்?”

“இருக்கு மேடம். மூட்டைக்குப் பின்னால.”

“எத்தனை மூட்டை?”

“அடுக்கு கூரை வரைக்கும் போகுது மேடம்,” என்றாள் சுசீலாபாய், உதவியாக.

“உள்ளே மண்ணெண்ணெய். சுத்தியும் சாக்கு. தீ பிடிச்சா அந்த மனுஷன் எப்பிடி வெளியே வருவார்?”

தாசையன் தாளை விரித்தான். அவன் தயாரித்த தாளில் இந்தக் கேள்வி இல்லை. இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதும் இல்லை. ஷட்டரையும் ஸ்டவ்வையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எனக்கு வேலாயுதனைக் காணணும். இப்பவே.”

முதலாளி தாசையனைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனார். “பெத்தவன் நீதானலே. கொண்டாந்து நிறுத்து.”

எதிர் டீக்கடை ராஜமணி காக்கிச் சட்டை போட்டிருந்தான். அந்த ஒரு தகுதி போதுமென்று தாசையன் அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். நல்லதாகச் சொல்லு என்று மட்டும் வழியில் சொன்னான். ராஜமணி அதைப் பிடித்துக்கொண்டான்.

“சம்பளம் ஒழுங்கா கிடைக்குதா?”

“எண்ணி எண்ணி விரல் நோவுது மேடம்.”

“ராத்திரி உள்ளே வச்சுப் பூட்டறாங்களா?”

“பூட்டுறதாவது. நான் டெய்லி வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டி புள்ளைக கூடத்தான் படுக்கேன்.”

“அப்போ ராத்திரிக் காவல்?”

ராஜமணி தாசையனைப் பார்த்தான். தாசையன் கூரையைப் பார்த்தான்.

மேடம் பாய்மேலிருந்த கண்ணாடியை நீட்டினார். “உங்க கண்ணாடி.”

ராஜமணி மாட்டிக்கொண்டு கம்பீரமாக நடந்து ஏலக்காய்ச் சாக்கில் போய் மோதினான். அதே சமயம் தெருவிலிருந்து குரல் வந்தது. “ராஜமணி அண்ணே, பால் பொங்குது.”

வேலாயுதன் கண்ணாடியைக் கழற்றி வீசிவிட்டுப் பால் இறக்க ஓடினான்.

மேடம் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. “ஒரு மனுஷனை ராத்திரி முழுக்கப் பூட்டி வைக்கறீங்க. கேட்டா அவரையே ஒளிச்சு வைக்கறீங்க. இனி வேலாயுதனை உள்ளே வச்சுப் பூட்டமாட்டோம்னு எழுதித் தரணும். இல்லேன்னா ஆர்டர் இல்லை.”

முதலாளி எழுதினார். இவ்வளவு சந்தோஷமாக அவர் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. சாட்சிக் கையெழுத்துக்குத் தாசையன் தாளை மறுபடி கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தான்.

காரில் ஏறுமுன் மேடம் திரும்பிப் பார்த்தார். “அந்த ஆளுக்கு வீடும் குடும்பமும் உண்டா?”

“உண்டு மேடம்,” என்றான் தாசையன்.

சாயங்காலம் முதலாளி நல்ல குஷியில் இருந்தார். “ஆர்டர் நிலைச்சுது. உன் வேலையும் நிலைச்சுது. வேலாயுதனை மட்டும் இன்னையோட நிறுத்தியாச்சு, என்ன?”

அவர் சிரித்தார். பெண்கள் தூக்குவாளியோடு தெருவில் இறங்கினார்கள். ராஜமணி கடையிலிருந்து வழக்கமான தோசைப் பொட்டலம் வந்தது. ஷட்டர் கடகடவென்று இறங்கியது. பூட்டு விழுந்தது. முதலாளி அதை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை மடியில் செருகிக்கொண்டு பழவங்காடிப் பக்கம் நடந்தார்.

சுசீலாபாய் மட்டும் திரும்பி வந்து, குனிந்து, ஷட்டரின் அடி இடுக்கில் வாயை வைத்தாள்.

“தாசையன் சாரே, தீ பிடிச்சா சத்தமா விளியுங்க, கேட்டியளா.”